மறு: உடைத்துப் போட்ட ஜே94 எப்படி ஓடுகிறது?

இங்கிலாந்தில் பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் பாரம்பரிய ரயில்பாதை ஒன்றில் நீங்கள் படமெடுத்த ஜே94 நீராவி எஞ்சினின் எண், எப்போதோ உடைக்கப்பட்டவை பட்டியலில் இருக்கிறதே என்று குழம்பியிருக்கிறீர்கள். பட்டியல் சரிதான். எண்தான் வேஷம்.

1943 முதல் ஹன்ஸ்லெட் வடிவமைப்பில் பிரிட்டிஷ் போர்த்துறைக்காக 377 ‘ஆஸ்டெரிட்டி’ ஷன்டிங் எஞ்சின்கள் (பெட்டிகளைத் தள்ளி இழுத்து வரிசைப்படுத்துபவை) செய்தார்கள். குதிரைக்குச் சேணம் போட்ட மாதிரி கொதிகலன் மேல் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்திருக்கும். போர் முடிந்ததும் அதில் 75-ஐ எல்.என்.இ.ஆர். ரயில்வே வாங்கி ஜே94 என்று பெயர் வைத்தது. அந்த 75-இல் இன்று மிஞ்சியவை இரண்டே: 68077, 68078. வேறு ஜே94 எண்ணோடு எது நின்றாலும் அது அந்த 75-இல் சேராத, அதே ‘ஆஸ்டெரிட்டி’ வகையைச் சேர்ந்த இன்னொன்று. பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தது. ரயில்வே பெயின்ட் அடித்தால் கூட்டம் வரும் என்று ஒரு கணக்கு! எனக்கென்னவோ சுரங்கத்துக் கோலமே பிடிக்கும்.

அடுத்த முறை போனால் தயாரிப்பாளர் தகட்டைத் தேடி, தொழிற்சாலைப் பெயர், எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹன்ஸ்லெட் தவிர பேக்னல், வல்கன் என்று வேறு தொழிற்சாலைகளும் இவற்றைச் செய்தன. தகடு இல்லையா? சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் பொறித்த எண்ணைப் பாருங்கள். ஆனால் பழுதுபார்க்கும்போது உதிரிகள் எஞ்சின் விட்டு எஞ்சின் மாறியிருக்கும், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அப்புறம், அங்கே எண்ணெய்க் கையோடு நிற்கும் தன்னார்வலரைக் கேளுங்கள். அரைமணி நேரம் விடமாட்டார்.