பர்மாவில் பல் மருத்துவம் சேர எப்படிப் படிப்பது? எனக்கு மனப்பாடம் ஏறவே மாட்டேன் என்கிறது

மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகிற தமிழ்ப் பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மியம், விஞ்ஞானப் புத்தகம் ஆங்கிலம். கேட்டவரை இப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான். சிரியத்தில், அதாவது இன்றைய தன்லினில் வளர்ந்தேன். யாங்கோன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது பல் டாக்டராக இருக்கிறேன். "டாக்டருக்குக் கிடைக்கலையா, அதான் பல் டாக்டரா?" என்று கல்யாண வீடுகளில் இன்னமும் கேட்கிறார்கள். விண்ணப்பத்தில் நான் முதல் இடத்தில் எழுதியதே பல் மருத்துவம்தான். 1964இல் தொடங்கிய கல்லூரி அது. 1998இல் மண்டலேயில் இன்னொன்று வரும்வரை நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். அங்கே இடம் வாங்குவதை இரண்டாம்பட்சமாக யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

என் காலத்தில் தனி நுழைவுத் தேர்வு கிடையாது, மெட்ரிக் மார்க்தான் எல்லாம். பர்மியம், ஆங்கிலம், கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று ஆறு பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 600. இப்போது பன்னிரண்டு வகுப்பு முறை வந்து புத்தகங்களும் மாறிவிட்டன. ஆனால் புரியாததை உருப்போடும் வழக்கம் மாறவில்லை என்று என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரிகிறது.

நானும் உருப்போட்டவள்தான். டிசம்பரில் டியூஷனில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். உயிரியலில் சிறுநீரகம் வந்தது. நெஃப்ரான், அதாவது சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய், அதைப் பற்றிய பதில் முழுவதும் எனக்கு மனப்பாடம். இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியின் முதல் வார்த்தை வரவில்லை. அது வராததால் அதற்குப் பின்னால் இருந்த எதுவும் வரவில்லை. அரைப் பக்கம் வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். சயாமா, அதாவது டீச்சர், திட்டவில்லை. அந்த வெற்று இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னை மீட்டது எங்கள் அப்பாயி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாக்கு வெட்டிக்கொண்டே, "அப்படி என்னாத்தா அதுல இருக்கு, எனக்குச் சொல்லு" என்றார். தமிழில் சொல்லத் தொடங்கினேன். சிறுநீரகத்துக்குள்ளே லட்சக்கணக்கில் நுண்ணிய குழாய்கள் இருக்கு அப்பாயி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிண்ணம், டீ வடிகட்டுகிற மாதிரி அதில் ரத்தம் வடிகட்டப்படுது, பெரிய சரக்கு ரத்தத்திலேயே நின்னுடும், தண்ணி, உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் குழாய்க்குள்ளே இறங்கிடும் என்றேன்.

பாக்குவெட்டி நின்றது. "சக்கரையும் எறங்கிடுமா? அப்ப எல்லாச் சக்கரையும் வெளிய போயிடுமே. ஒடம்புக்கு ஏது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முழுப் பதிலையும் ஒப்பித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதே இல்லை. புத்தகத்தை மெழுகுவத்தியிடம் கொண்டுபோய்த் தேடினேன். அங்கேதான் இருந்தது, நான் மறந்துபோன அதே மூன்றாவது வரி. கிண்ணத்தை அடுத்த வளைந்த குழாய், இறங்கிய சர்க்கரையை ரத்தத்துக்கே திருப்பி எடுத்துக்கொள்கிறது. அப்பாயிக்கு நீரிழிவு. "அப்ப என் ஒண்ணுக்குல எறும்பு மொய்க்குதே?" என்றார். ரத்தத்தில் சர்க்கரை அளவு மீறும்போது குழாயால் முழுவதையும் திருப்பி எடுக்க முடியாது, மிச்சம் வெளியே போகிறது. இதை அவருக்கு நான் விளக்கிச் சொன்ன அன்று இரவுக்குப் பிறகு அந்த வரி எனக்கு மறக்கவே இல்லை. அந்த வருடத் தேர்வில் நெஃப்ரான் வரவில்லை, அது வேறு. ஆனால் மற்ற பாடங்களை எல்லாம் அதே மாதிரிதான் படித்தேன்.

செய்தது இவ்வளவுதான். முதலில் படம். படத்தைப் பார்த்து அப்பாயிக்குத் தமிழில் கதை. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஆங்கிலத்தில் எழுதுவேன். புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு ஈரத்துணியால் துடைப்பேன். மறுநாள் விடியற்காலை ஒரு தரம், மூன்று நாள் கழித்து ஒரு தரம். வட்டம் போட்ட சொற்களை மட்டும் ஒரு சின்ன நோட்டில் வைத்துக்கொண்டேன்.

மனப்பாடம் இல்லாமல் நம் ஊரில் மார்க் வருமா என்று கேட்க வருவார்கள். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கலைச்சொற்களைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதத்தான் வேண்டும், திருத்துபவர் அதைத்தான் தேடுவார். புரிந்த பிறகு உருப்போடுங்கள் என்கிறேன். ஆயிரம் பேருக்கு ஆயிரம் வழி இருக்கலாம், எனக்குத் தெரிந்தது இது.

பர்மியப் பாடத்தை நம் பிள்ளைகள் அலட்சியப்படுத்துகிறார்கள். பல் மருத்துவத்துக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். உயிரியலின் 100க்கும் அதன் 100க்கும் மதிப்பு ஒன்றுதான். யாபின், யாயிட் என்று பர்மிய எழுத்தோடு சேரும் இரண்டு குறிகள், இரண்டும் காதுக்கு ஒரே ஓசை, எழுத்தில் வேறு. தமிழில் ன, ண தடுமாறுகிறவர்களுக்கு அந்த வலி தெரியும். கேட்டுப் பழகினால் வராது. தினமும் பத்து வரி பார்த்து எழுத வேண்டும். நான் ஏற்றிய மார்க்கில் நல்ல பங்கு இந்தப் பாடத்தில்தான் வந்தது.

கேட்டவர் பெண் பிள்ளையானால் இன்னொன்று. என் காலத்தில் மருத்துவப் படிப்புகளில் பெண்களிடம் ஆண்களைவிடக் கூடுதல் மார்க் கேட்டார்கள். அண்ணனுக்குப் போன வருடம் இவ்வளவுக்குக் கிடைத்ததே என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வருடத்தில் உங்களுக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, அதற்கு மேலே இலக்கு வையுங்கள்.

கேள்வியில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன், மனது கேட்கவில்லை. என் பெரியப்பா மகன் என்னைவிட நன்றாகப் படிப்பான். கணிதத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். மெட்ரிக்கில் என்னைவிடக் கூடுதல் மார்க். ஆனால் 1982 குடியுரிமைச் சட்டத்தின்படி வீட்டுக்கு வீடு அட்டையின் நிறம் வேறு. எனக்கு முழுக் குடியுரிமைக்கான இளஞ்சிவப்பு, அவனுக்கு அதற்குக் கீழான இணைக் குடியுரிமைக்கான நீலம். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு முழுக் குடியுரிமை கேட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர்தான். பெரியப்பா வீட்டுப் பழைய காகிதங்களில் தாத்தாவின் தமிழ்ப் பெயரைப் பர்மிய எழுத்தில் ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் எழுதிவைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்ய அலைந்தே பெரியப்பாவின் செருப்பு தேய்ந்தது. அவன் இன்று அரிசிக்கடை வைத்திருக்கிறான். தன் மகள் ஒன்பதாவது போனதும் அவன் முதலில் கையில் எடுத்தது பாடப்புத்தகத்தை அல்ல, பெட்டியிலிருந்த அந்தக் காகிதங்களை. நீங்களும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.