நள்ளிரவில் அலறும் அலாரம்: எல்லா டிடெக்டரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் மூன்று மாடி லாட்ஜ் நடத்துகிறேன். தீயே இல்லாமல் ராத்திரியில் அலாரம் அடித்து, யாத்திரிகர்கள் பதறிப்போய் இறங்கி ஓடி வருகிறார்கள். கடல் காற்றில் கூரையில் இருக்கும் புகை டிடெக்டர் எல்லாமே போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் ஏஜென்ட். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அடுத்த முறை அடித்தால், ரீசெட் பட்டனை அமுக்குமுன் அலாரம் பேனலில் எந்த ஜோனின் (எந்த மாடிப் பகுதியின்) விளக்கு எரிகிறது என்று பாருங்கள். அந்த மாடிக்குப் போனால், கிளப்பிவிட்ட டிடெக்டரில் சிவப்பு விளக்கு விடாமல் எரியும். நைட் டூட்டி பையன் ரீசெட்டை அமுக்கிவிட்டுப் படுத்துவிட்டால் அந்தத் தடயம் போச்சு.

பெரும்பாலும் அது பாத்ரூம் கதவருகே இருக்கும். டிடெக்டருக்குள் ஓடும் ஒளி, புகை பட்டுச் சிதறினால் மணி அடிக்கும். கீசர் தண்ணீரின் ஆவி பட்டாலும் அப்படியே சிதறும். சாம்பிராணியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டிடெக்டரைத் தள்ளி மாட்டினால் போதும். உப்புக் காற்று செய்யும் வேலை வேறு: டிடெக்டரை மாட்டும் அடித்தட்டின் மின் முனைகளில் பச்சை பூத்து, பெரும்பாலும் பேனலில் ‘ஃபால்ட்’ (கோளாறு) விளக்கைத்தான் எரிய வைக்கும். அந்த முனைகளைச் சுத்தம் செய்யலாம்; நன்றாக அரித்துப்போனதை மட்டும் மாற்றுங்கள்.

சமையலறை மட்டும் விதிவிலக்கு. அங்கே புகை டிடெக்டர் வைத்தால் ஒவ்வொரு தாளிப்புக்கும் அலறும். வெப்ப டிடெக்டர்தான் சரி. ஏறக்குறைய 57 டிகிரியில் வேலை செய்யும் வகை சாதாரணமாகக் கிடைக்கிறது. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். இதையே காட்டி, ‘எல்லா ரூமுக்கும் வெப்ப டிடெக்டர் போட்டால் தொல்லையே இருக்காது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெத்தை புகையும்போது சூடு ஏறுமுன்னே புகை ஆளை மயக்கிவிடும். தூங்கும் அறைக்குப் புகை டிடெக்டர்தான்.

இப்போது இந்த ஏஜென்ட்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களில் சிலர், டிடெக்டரின் பிளாஸ்டிக் தூசி மூடியைக் கழற்றாமலே போய்விடுகிறார்கள். புகை உள்ளே போகாது, தொல்லையும் வராது, ஃபைலும் நகர்ந்துவிடும். தாளைப் பார்க்கும் அவசரத்தில் கூரையை அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்? ஏணி போட்டு நீங்களே பாருங்கள். மெயின் கரன்ட்டை நிறுத்தி, பேனல் பேட்டரியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். சர்வீஸுக்கு வருகிறவர் உங்கள் கண்ணெதிரே புகை ஸ்ப்ரே அடித்து ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.