கொரியா ஜிம்ஜில்பாங் அனுபவம் எப்படி இருக்கும்? அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

அம்மாவோட கொரியா டூர் வர்றீங்க, ஜிம்ஜில்பாங் போகணும்னு ஆசை, ஆனா ஒட்டுத்துணி இல்லாம எல்லார் முன்னாடியும் குளிக்கணுமாமே உண்மையான்னு கேட்டிருக்கீங்க. பாதி உண்மைப்பா. ஜிம்ஜில்பாங்னா பொதுக் குளியல் கூடமும் வேர்க்க வைக்கிற சூட்டு ரூம்களும் ஒண்ணா இருக்குற இடம், அது ரெண்டு பகுதி. குளிக்கிற இடம் ஆண் பெண் தனித்தனி, அங்க துணி கிடையாது, நீச்சல் டிரஸ் போட்டுட்டு இறங்கினாலும் விட மாட்டாங்க. சூட்டு ரூம்லாம் இருக்குற ஹால் எல்லாருக்கும் பொது, அங்க அவங்களே குடுக்குற டீசர்ட், அரை டவுசர் போட்டுட்டுதான் சுத்தணும்.

நான் கொரியாவுல தேஜான்ங்கிற ஊர்ல ரிசர்ச் வேலையில இருக்கேன், குளிர்காலம் வந்துட்டா லேப் பொண்ணுங்களோட அடிக்கடி போற ஆளு, அதனால சுத்தி வளைக்காம சொல்றேன். கூச்சம் மொதல் அஞ்சு நிமிஷம்தான். நம்ம கலர் பாத்துட்டு ஒரு பாட்டி ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க, அவ்ளோதான், அப்புறம் அவங்க கால் தேய்க்கிற வேலையில மூழ்கிடுவாங்க. எல்லா வயசு, எல்லா சைஸ் உடம்பும், ஆபரேஷன் தழும்பு, தொங்கின வயிறு எல்லாத்தோடயும் சகஜமா நடக்குறதைப் பாத்தா நமக்கு நம்ம உடம்பு மேல இருக்குற கவலையே பாதி போயிடும்.

உள்ள போனதும் செருப்பு லாக்கர், அப்புறம் கையில மாட்டிக்கிற சாவி, அந்த சாவி நம்பர்லதான் உள்ள வாங்கித் திங்குறது எல்லாம் கணக்கு ஏறும், போகும்போது மொத்தமா கட்டலாம். பெண்கள் பக்கம் கைக்குட்டையை விட கொஞ்சம் பெரிய டவல் ரெண்டே ரெண்டு எண்ணிக் குடுப்பாங்க, ஆண்கள் பக்கம் அடுக்கி வச்சிருப்பாங்களாம், எவ்ளோ வேணா எடுத்துக்கலாமாம். நாங்க தூக்கிட்டுப் போயிடுவோம்னு பயமாம், நல்லா இருக்கு போங்க நியாயம்! தலைமுடி நீளமா இருந்தா சொந்தமா ஒரு டவல் கொண்டு போயிடுங்க.

எல்லாரும் இன்ஸ்டாகிராம்ல சூட்டு ரூம் போட்டோவா போடுறாங்க, ஆனா என்னைக் கேட்டா விஷயமே கீழ குளிக்கிற இடத்துலதான், அதுலயும் செஷின்ல. செஷின்னா காசு குடுத்து உடம்பு தேய்ச்சு விடச் சொல்றது. மொதல்ல சோப்பு போட்டு நல்லா குளிச்சு, முடியைத் தூக்கிக் கட்டிட்டு, 40 டிகிரி பக்கம் இருக்குற வெந்நீர்த் தொட்டியில ஒரு இருபது முப்பது நிமிஷம் ஊறணும். அன்னைக்குக் காலைல எண்ணெயோ லோஷனோ தடவாதீங்க, தடவினா அழுக்கு திரளாம வழுக்கும். சாவியைத் தேய்க்கிற அம்மாகிட்ட குடுத்து வரிசை போட்டுட்டு ஊறப் போயிடணும், நம்பரைக் கூப்பிடுவாங்க.

தேய்க்கிறவங்களை இமோன்னு கூப்பிடலாம், நம்ம ஊர்ல தெரியாதவங்களையும் சித்தின்னு கூப்பிடுற மாதிரிதான். பெரும்பாலும் அம்பது தாண்டின அம்மாக்கள், கருப்பு உள்ளாடை மட்டும் போட்டிருப்பாங்க, ரெக்சின் போட்ட கட்டில்ல நம்மளைப் படுக்கச் சொல்லி ஒரு சட்டி வெதுவெதுப்பான தண்ணியை மேல வீசுவாங்க. அப்புறம் இத்தாலி டவல்னு கையில மாட்டிக்கிற சின்னப் பை, பெரும்பாலும் பச்சைக் கலர். பேர்தான் இத்தாலி, பிறந்தது 1960கள்ல பூசான் ஊர்ல, இத்தாலியில இருந்து வந்த விஸ்கோஸ் துணியில செஞ்சதால அந்தப் பேரு. ரெண்டு கையிலயும் மாட்டிட்டு கழுத்துல ஆரம்பிச்சு, கக்கம், விரல் இடுக்கு, கணுக்கால் பின்பக்கம்னு ஒரு இடம் விடாம தேய்ப்பாங்க. சாம்பல் கலர்ல திரி திரியா உருண்டு வரும், தினம் ரெண்டு வேளை குளிக்கிற நமக்கா இவ்ளோன்னு மானம் போகும். ஒரு பக்கம் முடிஞ்சா தொடையில டப் டப்புன்னு ரெண்டு தட்டு, திரும்பிப் படுன்னு அர்த்தம். பாஷையே தேவையில்ல. ஒரு இமோ என்கிட்ட, "இந்தியாவா? அங்கதான் சும்மா நின்னாலே வேர்க்குமாமே, காசு குடுத்து வேர்க்க இங்க எதுக்கு வந்தே?"ன்னு கேட்டுட்டு அவங்களே சிரிச்சுக்கிட்டாங்க, நான் குப்புறப் படுத்திருந்தேன், பதில் சொல்ற நிலைமையில இல்ல. வலிச்சா "சல்சல்"னு சொல்லுங்க, மெதுவா தேய்ப்பாங்க. முகப்பரு, சொறி, வெயில்ல தோல் எரிஞ்சது இருந்தா அன்னைக்கு இது வேணாம்.

பூசான் பக்கம் சில குளியல் கூடத்துல முதுகு தேய்க்க மிஷினே நிக்கும், சுத்துற வட்டத்துல துணி மாட்டி முதுகைக் குடுத்துட்டு நிக்க வேண்டியதுதான். முன்னாடி பக்கத்துல உக்காந்திருக்குறவங்களே மாத்தி மாத்தி முதுகு தேய்ச்சு விடுவாங்களாம், இப்ப அது குறைஞ்சுடுச்சு.

மேல ஹால் சுருக்கமா சொல்றேன். தரையே அடியில சூடு ஓடுற ஓண்டோல் தரை, அதுல குடும்பம் குடும்பமா பாய் விரிச்சுப் படுத்து டிவி பாத்துட்டு இருப்பாங்க. உப்பு ரூம், செம்மண் ரூம், ஐஸ் ரூம்னு இருக்கும், பெரிய சூளை மாதிரி இருக்குற புல்காமாவுல சூடு தாங்க முடியாது, சீக்கிரம் வெளிய வந்துடுங்க. இந்த வேர்க்க வைக்கிற வைத்தியம் பழசு, 15ஆம் நூற்றாண்டுல சேஜோங் மன்னர் காலத்துலயே புத்த பிக்குகள் நோயாளிகளுக்கு இந்த மாதிரி சூட்டு அறை நடத்தியிருக்காங்க, இப்ப பாக்குற இந்த ஜிம்ஜில்பாங் 1990கள்ல பரவினது. டவலை ரெண்டு பக்கமும் சுருட்டி ஆட்டுக் கொம்பு மாதிரி தலையில மாட்டிக்கிறதும் அங்கதான். சைவம்னா சுட்ட முட்டை ஓகேவான்னு பாத்துக்கோங்க, சிக்கேன்னு சில்லுன்னு ஒரு அரிசி பானம் தாராளமா குடிக்கலாம், மியோக்குக்னு கடல்பாசி சூப்ல பெரும்பாலும் மாட்டுக்கறி இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க.

செலவு உள்ள போக பத்தாயிரம் வோன் பக்கம் ஆரம்பிக்கும், பெரிய இடம்னா இருபதாயிரம் தாண்டும், செஷினுக்கு அதுக்கு மேல தனியா, பல இடத்துல கேஷ்தான். பூசான் சென்டம் சிட்டியில ஷின்செகே மால்ல இருக்குற ஸ்பா லேண்ட் அழகா சுத்தமா இருக்கும், ஆனா நாலு மணிநேரம்தான் விடுவாங்க. என் ஓட்டு பழைய ஏரியா குளியல் கூடத்துக்குத்தான், கொரோனாவுக்கு அப்புறம் அதுல நிறைய மூடிட்டாங்க, இருக்குறப்பவே பாத்துடுங்க.

அம்மா விஷயம். பிபி மாத்திரை போடுறாங்கன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, சூடும் ஐஸ் தண்ணியும் மாத்தி மாத்தி வேணாம். துணி மாத்துறது மட்டும் லாக்கர் ரூம்ல மத்த பெண்கள் முன்னாடிதான், அதை ஒத்துக்கிட்டா குளியலை விட்டுட்டு நேரா மேல போய் படுத்துக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுவும் வேணாம்னா தேஜான் யூசோங்ல தெருவோரமா ஓசியில கால் நனைக்கிற வெந்நீர் ஊற்றுத் தொட்டி இருக்கு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிட்டு உக்காந்தா போதும், கால் துடைக்க ஒரு துண்டு மட்டும் எடுத்துட்டுப் போங்க.