மஞ்சள் விமானத்தின் எடை

அன்புள்ள சார்,

என்.சி.சி. ஏர்விங் நாட்களில் கண்ட்ரோல் லைன் விமானம் (நடுவில் நின்று, கம்பியின் கைப்பிடியைப் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் மாடல்) செய்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பரணில் கிடந்த, மாடல் விமானத்துக்கான 2.5 சிசி குளோ எஞ்சினை எடுத்துத் துடைத்தேன். ஒன்பதாவது படிக்கும் மகளும் நானும் மூன்று மாதத்தில் ஒரு மீட்டர் இறக்கை உள்ள மாடல் ஒன்றைச் செய்து முடித்தோம். உடல் பால்சா என்ற லேசான மரம், இறக்கைமேல் மெல்லிய டிஷ்யூ தாள், அதன்மேல் என்.சி. லேக்கர் என்ற சீக்கிரம் உலரும் பூச்சு. பூசிய பத்தாவது நிமிடம் லேக்கர் பால் கொட்டியதுபோல வெளுத்துவிட்டது. அதை மறைக்க மஞ்சள் ஐந்து கோட் அடித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 மீட்டர் கம்பியில் ஒரு சுற்றுக்கு ஆறரை விநாடி ஆகிறது. தலைக்கு மேலே ஏற்றினால் கம்பி தொய்ந்து என்மேலேயே விழப் பார்க்கிறது. பூசும் முன் 520 கிராம், இப்போது 690. பறக்கவிடுவது எங்கள் பள்ளி மைதானத்தில். ஒரு ஓரத்தில் மட்டும் கரண்ட் கம்பி போகிறது. பெரிய எஞ்சின் வாங்கலாமா? மகளோ, "இதுக்குப் பேசாம ஒரு டிரோன் வாங்கியிருக்கலாம்ப்பா" என்கிறாள்.

கே., கடலூர்

அன்புள்ள கே.,

முதலில் அந்தக் கரண்ட் கம்பி. போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிதான் என்னைப் பயமுறுத்தியது. உங்கள் கையில் இருப்பது 15 மீட்டர் இரும்புக் கம்பி, அதன் மறுமுனை காற்றில் இருக்கிறது. ஒரு கம்பி அறுந்தாலோ, கைப்பிடி நழுவினாலோ விமானம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. மைதானத்தை மாற்றுங்கள். இடி மேகம் கண்ணில் பட்டாலும் அன்றைக்குப் பறத்தல் கிடையாது. இதில் பேரம் பேசாதீர்கள்.

சரி, எஞ்சின். அதை மாற்ற வேண்டாம். 15 மீட்டர் கம்பியில் ஆறரை விநாடிக்கு ஒரு சுற்று என்றால், விமானம் தன் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு விசையில் உங்கள் கையை இழுக்கிறது. தலைக்கு நேர் மேலே போகும்போது புவியீர்ப்பு அதில் ஒரு மடங்கைத் தின்றுவிடும். மிச்சம் 0.4. அதுவும் வேகம் குறையாமல் இருந்தால்தான். சுற்றுக்கு 7.8 விநாடி என்ற அளவுக்கு வேகம் இறங்கிவிட்டால் உச்சியில் இழுவிசை சுத்தமாகப் பூஜ்யம். நீங்கள் பார்த்த தொய்வு இதுதான். ஐந்தரை விநாடிக்குள் சுற்ற வைத்தால் உச்சியிலும் தன் முழு எடை அளவுக்கு இழுக்கும்.

இந்தக் கணக்கில் எடையே வரவில்லையே என்று மகள் கேட்கலாம். கேட்டால் சந்தோஷப்படுங்கள். எடை வேறு வழியாக வருகிறது. அதே எஞ்சின் 170 கிராம் கூடுதல் சுமையை மேலே தூக்க வேண்டும். கூடவே, வளைவில் திரும்ப இறக்கை இன்னும் நிமிர்ந்து காற்றை வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் வேகம்தான் செலவாகிறது.

நான் செய்த முதல் விமானமும் இப்படித்தான். கல்லூரியில் ஏர்விங் கேடட்டாக இருந்தபோது, பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஆறு கோட் வார்னிஷ் அடித்தேன். எங்கள் பயிற்றுநர் அதைக் கையில் வாங்கி ஒரு முறை தூக்கிப் பார்த்தார். "ஷோகேஸில் வைக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது சுற்றிலேயே அது மூக்கால் தரையைக் குத்தியது.

லேக்கர் ஏன் வெளுத்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த ஐந்து கோட் மஞ்சளுக்கு வேலையே இருந்திருக்காது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு சில்லென்று ஆகிவிடும். கடலூர்க் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனிபோல இறங்கி, உலரும் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அந்த வெள்ளை நிறம் அதுதான். லேக்கர் கெட்டுப்போகவில்லை. வெயில் ஏறிய பிறகு, கடல்காற்று அடிக்கத் தொடங்கும் முன் பூச வேண்டும். உங்கள் பக்கத்தில் காலை பத்து மணிக்கு மேல் சில மணி நேரம் கிடைக்கலாம். மழைக்காலத்தில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பெயின்ட் கடையில் ரிடார்டர் என்று கேட்டால் தருவார்கள், தின்னரோடு கொஞ்சம் சேர்த்தால் மெதுவாக உலரும். ஏற்கெனவே வெளுத்த இடத்திலும், உலர்ந்த நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை லேசாக ஒரு கை ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இப்போது இருக்கும் விமானத்துக்கு வாட்டர் பேப்பர் என்ற, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்தான் மருந்து. 400 நம்பர், தண்ணீர், ஒரு துளி சோப்பு. உடலிலும் வாலிலும் மஞ்சள் திட்டுத்திட்டாகத் தெரியும்வரை தேயுங்கள். மரம் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். பால்சா தண்ணீரைக் குடித்தால் ஊதிவிடும். இறக்கையில் ரிப் என்ற குறுக்குச் சட்டங்களின் மேலே தேய்க்காதீர்கள். அங்கே டிஷ்யூவுக்குக் கீழே முட்டுக்கொடுக்க மரம் இருப்பதால் இரண்டே தேய்ப்பில் கிழியும். அப்புறம், இறக்கையைக் கண்மட்டத்தில் பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். லேக்கர் உலரும்போது டிஷ்யூவை இழுக்கும், மேலே ஒரு நாள் கீழே ஒரு நாள் என்று பூசியிருந்தால் முறுக்கிக்கொண்டிருக்கும். வெளிப்பக்க இறக்கை தூக்கலாக இருந்தாலும் விமானம் உங்கள் பக்கம் சாயும், கம்பி தொய்யும். இட்லிப் பானை ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள்.

அடுத்த விமானத்துக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். மரத்தின் துளைகளை அடைக்க லேக்கரில் டால்கம் பவுடர் கலந்து பூசுவது பழைய வழக்கம். பூசியதில் பெரும்பகுதி உப்புத்தாளில் தேய்ந்து தரையில் தூசியாகக் கிடக்க வேண்டும், துளைக்குள் இருப்பது மட்டும் போதும். மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதைச் சரியாக மறைக்காத நிறங்கள், கோட் கோட்டாகக் கேட்கும். மெல்லிசாக ஒரு வெள்ளை அடித்துவிட்டு மேலே மஞ்சள் கொடுத்தால் இரண்டில் முடியும். இறக்கைக்கு மஞ்சள் டிஷ்யூவையே ஒட்டிவிட்டால் நிறத்துக்கு எடையே இல்லை. கடைசியில் மெத்தனால் எரிபொருள் லேக்கரைக் கரைக்காமல் இருக்க, காருக்கு ஹார்ட்னர் கலந்து அடிக்கும், நிறமில்லாத டூ-கே கிளியர் ஒரே ஒரு மெல்லிய கோட். அதை வீட்டுக்குள் அடிக்காதீர்கள், அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். சரியான மாஸ்க் இல்லாவிட்டால் கார் பெயின்டரிடமே கொடுத்துவிடலாம்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கண்ட்ரோல் லைன் ஸ்டண்ட் (சாகசப் பறத்தல்) போட்டி விதிகளில் தோற்றத்துக்கே 20 மதிப்பெண்வரை உண்டு. அதே ஸ்டண்டுக்கான சர்வதேச எஃப்2பி பிரிவில் அது கிடையாது. ஜார்ஜ் ஆல்ட்ரிச் 1950-களில் வடிவமைத்த நோப்ளர் என்ற ஸ்டண்ட் விமானத்தை இன்றும் கண்ணாடிபோலப் பூசிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு, அதுவும் எடையை விட்டுக்கொடுக்காமல். தேய்க்கப் பொறுமை உள்ளவர்கள் அவர்கள்.

டிரோன் விஷயம். முடிந்தால் வாங்கிக் கொடுங்கள், அதுவும் நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு முன், இழுவிசை சரியானதும் கைப்பிடியை ஒரு முறை மகள் கையில் கொடுங்கள். முதலில் மட்டமான சுற்றுகள் மட்டும், நீங்கள் பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்தபடி. யூ-கண்ட்ரோல் என்ற பெயரில் கண்ட்ரோல் லைன் பறத்தலைப் பரப்பிய அமெரிக்காவின் போர்ட்லாண்டுக்காரர் ஜிம் வாக்கர், இரண்டு கைகளில் இரண்டு, தலையில் மாட்டிய பிடியில் ஒன்று என மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டுக் காட்டியவர். அதை மகளிடம் சொல்லுங்கள். முயற்சி செய்கிறேன் என்று கிளம்பினால் நான் பொறுப்பில்லை.

தேய்த்து முடித்ததும் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். 600-க்குக் கீழே வராவிட்டால் வாலைத் திரும்பவும் தேயுங்கள். பின்னால் இருக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் ஈயம் வைக்க வேண்டிவரும்.