கேளுங்கோ, சொல்லுறம்: வட்டம், சதுரம், எழுத்து

கேள்வி: அண்ணா, நாங்க ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து லயனல் வென்ட்ல ஒரு நாடகம் போடப்போறம். போஸ்டருக்கு அந்தப் பழைய ஜேர்மன் ஸ்டைல்ல வட்ட வட்டமா எழுத்து வேணும். வேர்டில கிடக்கிற பௌஹவுஸ் 93 போட்டுப் பாத்தன், சொக்லேட் கவர் மாதிரி இருக்கு. வேற என்ன பேர் போட்டுத் தேடுறது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உங்கட கண் சரியாத்தான் சொல்லுது தங்கச்சி. அந்த ஃபொண்ட்ட முகம் 1920கள்ட முகம் இல்ல, 1970கள்ட முகம். ஹேர்பர்ட் பாயர் எண்டவர் 1925ல, பௌஹவுஸ் எண்ட ஜேர்மன் கலைப் பள்ளிக்கூடம் வைமார்ல இருந்து டெசாவுக்கு மாறின வருசம், "யூனிவர்சல்" எண்டு ஒரு எழுத்துத் தொகுதி கீறினவர். வட்டத் துண்டும் நேர்கோடும்தான், கெப்பிட்டல் லெட்டரே கிடையாது, கதைக்கேக்க பெரிய எழுத்து சின்ன எழுத்து எண்டு கதைக்கிறமா, பிறகு எழுத மட்டும் ஏன் ரெண்டு எண்டு கேட்ட ஆள் (தமிழ்காரருக்கு இந்தப் பிரச்சினையே இல்ல, அது வேற கதை). ஆனா அந்தக் காலத்தில அது ஈய அச்சா வரவே இல்ல. அரை நூற்றாண்டு கழிச்சு 1975ல அமெரிக்காவில எட் பெங்கியாட்டும் விக்டர் கரூசோவும் அதைப் பாத்து ஐடிசி பௌஹவுஸ் எண்ட ஃபொண்ட் செய்தவை, அதிலதான் அந்த உருண்டு திரண்ட டிஸ்கோ சாயல் வந்து ஒட்டினது, வேர்டில இருக்கிறதும் அதே சாயல்தான்.

அசலுக்குக் கிட்டப் போகவேணுமெண்டா "ஆர்க்கிடைப்" எண்டு தேடுங்கோ. டேவிட் குவேயும் ஃப்ரீடா சாக்கும் லண்டன்ல நடத்தின த ஃபவுண்ட்ரி எண்ட ஃபொண்ட் கம்பனி செய்த வரிசை அது, பாயர், ஆல்பர்ஸ், ரென்னர், வான் டூஸ்பர்க் எண்டு ஆள்ட பேரிலயே ஒவ்வொண்டும் இருக்கும். அடோபி கணக்கு இருந்தா, 2018ல பௌஹவுஸ் பழைய மாணவர்ட கீறல்களை வச்சு எரிக் ஷ்பீக்கர்மான் மேற்பார்வையில செய்த ஜோஷ்மி, ஸான்ட்ஸ் எல்லாம் இருக்கு, ஜோஷ்மி போஸ்டருக்கு சூப்பர். காசு செலவழிக்க ஏலாதெண்டா கூகிள் ஃபொண்ட்ஸ்ல ஜோஸ்ட் இருக்கு, அது ஃபியூச்சுரா வழியில வந்தது. ஃபியூச்சுராவை 1927ல வெளியிட்டது பிராங்பர்ட்ல இருந்த பவர் கம்பனி, கீறினவர் போல் ரென்னர், அவர் பௌஹவுஸ்ல படிப்பிச்சதே இல்ல, ஆனா ஊருலகம் முழுக்க பௌஹவுஸ் ஃபொண்ட் எண்டுதான் சொல்லுது.

தேடேக்க "ஜியோமெட்ரிக் சான்ஸ்" (வட்டமும் கோடுமாக் கட்டின, முனையில வால் இல்லாத எழுத்து) எண்டு மட்டும் அடிச்சா ஃபியூச்சுராட பேரப்பிள்ளையள் ஆயிரம் வந்து நிக்கும், எல்லாம் வங்கி லோகோக்குத்தான் சரி. "மொடியூலர்" (ஒரே துண்டுகளை அடுக்கிக் கட்டினது), "ஸ்டென்சில்" (தகட்டை வெட்டி அடிக்கிற மாதிரி), "யூனிகேஸ்" (பெரிய எழுத்து சின்ன எழுத்து எண்டு பிரிக்காதது) எண்டு அடியுங்கோ. முதல்ல எந்த ஆர்ட் இயக்கம் எண்டு முடிவெடுத்தா இன்னும் லேசு. வட்டம் வேணுமெண்டா பௌஹவுஸ். கட்டம் கட்டமா வேணுமெண்டா ஒல்லாந்துக்காரர்ட டி ஸ்டைல், அதில வான் டூஸ்பர்க் 1919ல எல்லா எழுத்தையும் 5க்கு 5 கட்டத்துக்குள்ள வளைவே இல்லாம அடைச்சவர். சரிச்சு எழுதின, சிவப்பும் கறுப்புமா கத்துற எழுத்தெண்டா ரஷ்ய கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட் ஆக்கள், லிஸிட்ஸ்கி, ரொட்சென்கோ.

இன்னொண்டு, உங்களுக்கு ஃபொண்டே தேவையில்லாம இருக்கலாம். நாங்க வியக்கிற அந்தப் போஸ்டர்கள்ல கனக்க எழுத்து அச்சு எழுத்தே இல்ல, அந்தப் போஸ்டருக்கெண்டே ரூலரும் கவராயமும் வச்சுக் கீறினது. உங்கட நாடகத் தலைப்பில எத்தின எழுத்து வரப்போகுது, அதை மட்டும் இன்க்ஸ்கேப் எண்ட கீறுற சொஃப்ட்வெயார்ல கீறுங்கோவன்.

கேள்வி: நான் டிசைன் படிக்கிறன் சேர். வட்டம், சதுரம், கால்வட்டம் மட்டும் வச்சு ஒரு தமிழ் ஃபொண்ட் செய்து பாக்கிறன். கணக்கு எல்லாம் சரி, ஆனா எழுத்து ஆடுற மாதிரி இருக்கு, சில எழுத்து வாசிக்கவும் ஏலாம இருக்கு. எங்க பிழை? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கணக்குச் சரியா இருக்கிறதுதான் பிழை தம்பி. ஒரே உயரத்தில ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் பக்கத்தில வச்சா வட்டம் சின்னனாத்தான் தெரியும், அதால வட்டத்தை மேலயும் கீழயும் கொஞ்சம் வெளிய தள்ளவேணும், எழுத்துக் கீறுற சதுரத்தை (எம் எண்டு சொல்லுறது) 1000 யூனிட்டாப் பிரிச்சா ஒரு 10, 15 யூனிட். படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் ஒரே தடிப்பெண்டா படுக்கைக் கோடு தடிப்பாத் தெரியும், அதைக் கொஞ்சம் மெலிசாக்குங்கோ. வளைவு வந்து கோட்டில முட்டுற இடம் கறுத்துப்போகும், அங்கயும் சீவவேணும். ஃபியூச்சுராவைப் பெருசாக்கிப் பாருங்கோ, கவராயத்தால கீறின மாதிரி இருக்கும், ஆனா முட்டுற இடமெல்லாம் மெலிஞ்சிருக்கும். ரென்னரும் முதல்ல சுத்தக் கணிதமா கோட்டுக்குப் பக்கத்தில ஒரு புள்ளி வச்ச "ஆர்" எல்லாம் கீறித்தான் பாத்தவர், விற்பனைக்கு வரேக்க அதெல்லாம் வழமையான உருவத்துக்கு வந்திட்டுது.

இனித் தமிழுக்கு வருவம். ட, ப ரெண்டும் வான் டூஸ்பர்க் கீறித்தந்த மாதிரியே இருக்கு, அதில ஏமாந்து மிச்சத்தையும் அப்பிடியே செய்யலாமெண்டு நினைச்சா ண வந்து கழுத்தைப் பிடிக்கும். மூண்டு சுழி ண, ரெண்டு சுழி ன எண்டு சின்னனில படிச்சமே, அந்தச் சுழி எல்லாத்துக்கும் நீங்க ஒரே அளவு முழு வட்டம் போட்டா ண ஒரு பஸ் நீளத்துக்குப் போகும், அகலத்தைக் குறைக்க வட்டத்தைச் சின்னனாக்கினா போல்ட்ல உள்ளுக்கு அடைஞ்சு மூண்டு கறுப்புப் பொட்டுத்தான் மிஞ்சும். முதல் சுழியை மட்டும் வட்டமா மூடுங்கோ, மற்றதுகளை மேல வளைஞ்சு இறங்கிற அரைவட்டமா விடுங்கோ, அகலத்தை ன-வைவிட தாராளமாக் குடுங்கோ. எல்லா எழுத்தும் ஒரே அகலமா இருக்கவேணுமெண்ட பிடிவாதம் தமிழுக்குச் சரிவராது. ெ, ே ரெண்டுக்கும் மேல்ச்சுழிதான் வித்தியாசம், அழகுக்கெண்டு அதை வெட்டினா "செரி"யும் "சேரி"யும் ஒண்டாப்போகும். ர-வையும் ா-வையும் கவனியுங்கோ, ர-ட கீழ் வாலைக் கழட்டினா ரெண்டும் ஒண்டுதான்.

சோதிச்சுப் பாக்க "அம்மா ஆடு" எழுதாதேங்கோ, "வண்ணார்பண்ணை" எழுதுங்கோ, "கொட்டாஞ்சேனை" எழுதுங்கோ. உங்கட ஊர்ப் பேரிலயே ஞ, ே, னை எல்லாம் கிடக்கு. அதை 12 பொயின்ட்ல ப்ரிண்ட் எடுத்து வேற ஒருத்தரிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ.

வேலையின்ர அளவும் தெரிஞ்சு வச்சிருங்கோ. கு, கூ, டு, டூ எண்டு உகர ஊகார எழுத்து மட்டும் 36, அதுகள் ஒரு ஒழுங்கில வராது, தனித்தனியாக் கீறத்தான் வேணும், டி, டீயும் அப்பிடித்தான். க, ட, ண, ம, ழ ஐஞ்சையும் முதல்ல முடியுங்கோ, இந்த ஐஞ்சும் ஒரு குடும்பமாத் தெரியாட்டி மற்றதைத் தொடாதேங்கோ. ஃபொண்ட் செய்யிற சொஃப்ட்வெயார் எண்டா, மக் இருந்தா கிளிஃப்ஸ், இல்லாட்டி ஃபொண்ட்ஃபோர்ஜ் இலவசம், முகம் பழசு எண்டாலும் வேலை நடக்கும்.

கேள்வி: வெளிநாட்டு ஆர்ட் எல்லாம் சரி, எங்கட நாட்டில இருந்து இப்பிடி ஒரு எழுத்து எடுக்க ஏலாதா? (வாசகர், தெமட்டகொட)

பதில்: ஏற்கெனவே எடுத்தாச்சு. கொழும்பு மதில்கள்ல "நோட்டீஸ் ஒட்டாதே" எண்டு தகட்டை வெட்டி பெயின்ட் அடிச்ச எழுத்தைப் பாத்து இங்க கொழும்பில இருக்கிற மூனியாக் எண்ட டிசைன் குழு ஆக்கள் போஸ்ட் நோ பில்ஸ் எண்டு ஃபொண்ட் செய்தவை, அதில தமிழ்ப் பிரிவுக்குப் பேர் யாழ்ப்பாணம், சிங்களத்துக்குக் கொழும்பு. 1920கள்ல ஜோசெஃப் ஆல்பர்ஸ் பௌஹவுஸ்ல ஸ்டென்சில் எழுத்துச் செய்யேக்க யோசிச்சதும் கிட்டத்தட்ட இதுதான், குறைஞ்ச துண்டுகளை வச்சு முழு அரிச்சுவடியையும் கட்டுறது. ஓவியம் வேணுமெண்டா 1943ல இங்க தொடங்கின 43 குழு இருக்கு, பார்ன்ஸ் பிளேஸ்ல சபுமல் ஃபவுண்டேஷனுக்குப் போய்ப் பாருங்கோ. அந்தக் குழுவில இருந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் வரைஞ்ச கியூபிச உருவங்கள்ல கோடு எப்பிடித் திரும்புது எண்டதைப் பாத்து ழ, ஹ ரெண்டையும் கீறலாம், நான் சும்மா சொல்லேல்ல.

கேள்வி: கடை போர்ட் மூண்டு மொழியிலயும் அடிக்கவேணும். இங்கிலீசுக்கு ஃபியூச்சுரா கேக்கினம், தமிழுக்கு என்ன போடுறது? பாமினி சரியா? (அச்சகக்காரர், புறக்கோட்டை)

பதில்: உருவத்தைப் பொருத்தப் பாக்காதேங்கோ, தடிப்பைப் பொருத்துங்கோ. கட்டமரான் எண்ட தமிழ் ஃபொண்ட்ல 9 தடிப்பு இருக்கு, அனெக் தமிழ்ல அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், ரெண்டும் இலவசம், போர்ட்டுக்குப் பாவிக்கவும் தடையில்ல. மூண்டு மொழியும் ஒரே குடும்பமா வேணுமெண்டா நோட்டோ சான்ஸ், கொஞ்சம் சப்பெண்டு இருக்கும். பாமினி இங்கிலீஸ் எழுத்துகள்ட இடத்தில தமிழ் உருவத்தை வச்ச பழைய ஃபொண்ட், போர்ட்டில வெட்டிறதுக்குச் சரி, ஆனா அதே ஃபைலை நாளைக்கு அவை வெப்சைட்டுக்குக் கேட்டா இங்கிலீஸ் எழுத்துக் குப்பையாத்தான் போகும், அதால யூனிகோட்லயே செய்து குடுங்கோ. தமிழ் வரி நீளும் எண்டு தெரிஞ்சதுதானே, போர்ட் அளவு பேசேக்கயே தமிழை முதல்ல வச்சு அளந்திட்டு மற்ற ரெண்டையும் அடுக்குங்கோ, கடைசியா தமிழை நசுக்கி ஒடுக்கிற வேலை மிச்சம்.