பிஸ்கட் இல்லாவிட்டால் உட்கார மாட்டேன் என்கிறானே!

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. ‘உட்கார்’, ‘வா’ எல்லாம் மேரி பிஸ்கட் கொடுத்தே பழக்கினோம். இப்போது எடை 34 கிலோ. 30 கிலோ போதும் என்கிறார் டாக்டர். பிஸ்கட்டை நிறுத்தினால் காது கேட்காதவன் மாதிரி நிற்கிறான். என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: ட்ரீட்டை, அதாவது பழக்கும்போது பரிசாகத் தரும் தீனியை, நிறுத்த வேண்டாம்; சின்னச் சின்னத் துண்டாக்குங்கள். எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் அவனுக்கு முக்கியம். துண்டு பச்சைப் பட்டாணி அளவு இருந்தாலே போதும்.

30 கிலோவுக்கு இறங்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி கொடுக்கலாம். உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ட்ரீட் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 90 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டே ஏறக்குறைய 25 கலோரி. நாலாவதில் வரம்பு தாண்டிவிடும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி என்றால் அதே 90 கலோரிக்கு 50 கிராம் தாராளமாக வரும். ஒரு கிராம் துண்டுகளாக நறுக்கினால் ஐம்பது தடவை கூப்பிட்டுப் பழக்கலாம்! அந்த 90 கலோரியைச் சாப்பாட்டுத் தட்டில் குறைக்கவும் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வீட்டுக்குள் பழக்க கேரட், வெள்ளரி போதும். தெருநாய் குரைக்கும் இடத்தில் ‘வா’ என்றால் வருவதற்குக் கோழி வேண்டும். குழம்பிலிருந்து எடுத்த துண்டு வேண்டாம். வெங்காயம், பூண்டு இரண்டுமே நாய்க்கு நஞ்சு. திராட்சை, பாயசத்து உலர்திராட்சை, சாக்லேட் பக்கமே போகாதீர்கள்.

அவன் பசிப் பார்வையை நம்பிவிடாதீர்கள். லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வயிறு முட்டத் தின்ற பிறகும் பட்டினி கிடந்தவன் மாதிரி பார்க்கிற இனம் இது.

காது கேட்காத கதைக்கு வருவோம். பிஸ்கட்டைக் கையில் காட்டிவிட்டுத்தானே ‘உட்கார்’ என்கிறீர்கள்? அவன் பழகியது அந்தக் கைக்கு, உங்கள் சொல்லுக்கு அல்ல. துண்டுகளை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்கையால் சைகை காட்டுங்கள். பின்பகுதி தரையைத் தொட்ட நொடியில் ‘சபாஷ்’, அப்புறம்தான் துண்டு. நன்றாகப் படிந்த பிறகு ஒவ்வொரு தடவையும் தர வேண்டாம்; எப்போது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

காலையிலேயே அன்றைய பங்கை நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தாத்தா ரகசியமாகத் தருவதும் அந்த டப்பாவிலிருந்தே வரட்டும். காலியாகிவிட்டால் அன்றைக்குப் பந்துதான்.