ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகியும் குழந்தைக்கு வயிறு வலிப்பது ஏன்?

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஒன்பது வயது மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம், ஸ்கேனும் சரி, ஆனாலும் வலிக்குது என்கிறாள், நடிக்கிறாளா என்று.

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 3 மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலி. காயம் ஆறினாலும் நரம்புகள் கூச்சமாகவே இருந்துவிடலாம். தழும்பில் சின்ன நரம்பு சிக்கியிருக்கலாம். மல்லாக்கப் படுத்துத் தலையைத் தூக்கச் சொல்லி, வலிக்கும் இடத்தை டாக்டர் அழுத்திப் பார்ப்பார். வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் வயிற்றுச் சுவரில்தான், உள்ளே குடலில் அல்ல.

மணிக்கொரு தரம் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், அதுவே வலியைக் கூட்டும். தூங்குகிறாளா, விளையாடுகிறாளா என்று கவனியுங்கள். அரை நாளாவது பள்ளிக்கு அனுப்புங்கள்.

பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, காட்டலாம். அப்புறம், பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், காற்று பிரியாமை, இவற்றில் எது வந்தாலும் உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.